டயர் பெருசு, பிரேக் பழசு: பெரிய டயர் போட்ட வண்டியை நிறுத்துவது எப்படி

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் டிரெய்லர்களுக்குப் பின்னால் ஓட்டிப் பழகியவர்களுக்குத் தெரியும், முன்னால் போகிற வண்டி எப்போது நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் வரிசை ஒருநாள் காசிமேட்டோடு முடிந்திருக்கும், இன்னொரு நாள் திருவொற்றியூர் வரை நீண்டிருக்கும், அதில் பல வண்டிகளுக்குப் பின்லைட் எரியாது. என் பழைய பொலிரோவில் கம்பெனி கொடுத்த 215/75 ஆர்15 டயரைக் கழற்றிவிட்டு 235/75 ஆர்15 போட்ட மூன்றாவது நாள் சாயங்காலம், இதே ரோட்டில், லேசான தூறலில், வழக்கமாக மிதிக்கிற அளவுக்கே பிரேக்கை மிதித்தேன். வழக்கமாக நிற்கிற இடத்தில் வண்டி நிற்கவில்லை. கடைசி நொடியில் காலை முழுசாக ஊன்றி நிறுத்தியபோது டிரெய்லரின் பின் கம்பிக்கும் என் பானெட்டுக்கும் நடுவில் ஒரு முழம்தான் இருந்தது.

மறுநாளே போய் முன்பக்க பிரேக் பேட் (சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க் என்ற தகட்டை இறுக்கிப் பிடிக்கும் கட்டை) இரண்டையும் புதுசாக மாற்றினேன். தண்டச் செலவு. பழைய பேடில் பாதிக்கு மேல் மீதி இருந்தது, புதுசு போட்ட பிறகும் வண்டி அதே மாதிரிதான் இழுத்துக்கொண்டு போனது. தண்டையார்பேட்டையில் எனக்கு வழக்கமாக வேலை பார்க்கும் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, “இன்னா தம்பி, டயரு மட்டும் பெருசா கீது, உள்ள பிரேக்கு அதேதானே கீது, அது இன்னா பண்ணும்?” என்றார். விஷயம் அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு வரிக்குள் மூன்று விஷயம் இருக்கிறது, அந்த மூன்றும் ஒன்றையொன்று பெருக்குகிறது என்பது எனக்குப் பேப்பரில் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

முதலில் டயரின் உயரத்தைக் கணக்குப் போடுங்கள்

டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 215 என்பது மில்லிமீட்டரில் அகலம், 75 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச் சுவரின் உயரம், 15 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். பக்கச் சுவர் மேலேயும் கீழேயும் வருவதால் இரண்டால் பெருக்கி, ரிம்மை 25.4ஆல் பெருக்கிக் கூட்டினால் டயரின் மொத்த உயரம். 215/75 ஆர்15க்கு 703.5 மி.மீ., 235/75 ஆர்15க்கு 733.5 மி.மீ. வருகிறது. வித்தியாசம் 30 மி.மீ., அதாவது நாலே கால் சதவீதம். ‘அவ்வளவுதானா’ என்று நானும் அப்போது நினைத்தேன்.

இதே கணக்கை 165/80 ஆர்14 ஓடும் சின்னக் காருக்கு 185/65 ஆர்15 போடுபவர் செய்து பார்த்தால் 619.6க்கும் 621.5க்கும் 2 மி.மீ. கூட வித்தியாசம் இருக்காது. ரிம் பெரிதாகிறது, பக்கச் சுவர் குறைகிறது, உயரம் மாறவில்லை. இப்படி மாற்றியவர்களுக்கு இந்தக் கட்டுரையில் பாதி தேவையே இல்லை. “நானும்தான் பெரிய டயர் போட்டேன், ஒண்ணும் ஆகலையே” என்று ஒரு நண்பர் சொன்னால், அவர் அகலத்தை ஏற்றினாரா உயரத்தை ஏற்றினாரா என்று முதலில் கேளுங்கள். பிரேக்குக்கு வில்லன் உயரம்தான்.

மூன்று இடத்தில் அடி விழுகிறது

ஒன்று, நெம்புகோல் கணக்கு. டிஸ்க்கைப் பேட் எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் அந்தப் பிடி தரைக்கு வந்து சேருவது டயரின் ஆரம் வழியாக. ஆரம் கூடினால் அதே பிடிக்குத் தரையில் கிடைக்கும் நிறுத்தும் விசை அந்த அளவுக்குக் குறையும். கிணற்று ராட்டினத்தின் உருளையை மட்டும் பெரிதாக்கிவிட்டு அதே கைப்பிடியில் அதே தண்ணீரை இறைத்துப் பாருங்கள், கை வலிக்கும். நாலே கால் சதவீதம் உயரம் கூடினால், அதே இடத்தில் நிறுத்த நாலே கால் சதவீதம் கூடுதல் அழுத்தம் காலிலிருந்து வர வேண்டும்.

இரண்டு, ஸ்பீடோமீட்டர். மீட்டர் எண்ணுவது சக்கரத்தின் சுற்றுகளைத்தான், கிலோமீட்டரை அல்ல. பழைய டயர் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 452 சுற்று சுற்றியது, புது டயர் 434 சுற்றிலேயே அந்தத் தூரத்தைக் கடந்துவிடும். முள் 80 காட்டும்போது முன்பு போனதைவிட நாலே கால் சதவீதம் வேகமாகப் போகிறீர்கள். முன்பு உண்மையிலேயே 80 என்றால் இப்போது 83.4. இங்கே ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். கம்பெனி மீட்டர்கள் பொதுவாக உண்மையைவிடக் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும், அதனால் உயரம் லேசாக ஏறினால் மீட்டர் ஜிபிஎஸ்ஸோடு சரியாக ஒத்துப்போகக்கூட வாய்ப்பு உண்டு. மீட்டருக்கு அது நல்லதுதான். ஆனால் உங்கள் காலும் கண்ணும் பழைய முள்ளுக்குத்தானே பழகியிருக்கின்றன? ‘60ல் வந்தால் அந்தக் கம்பத்துக்கிட்ட பிரேக் போட்டால் போதும்’ என்று உடம்பு கற்றுவைத்திருக்கும் கணக்கு இப்போது பொய்.

வேகத்தின் கணக்கில் இன்னொரு கொடுமை, பிரேக் உறிஞ்ச வேண்டிய ஆற்றல் வேகத்தின் வர்க்கமாக ஏறும். நாலே கால் சதவீத வேகம் கூடினால் ஆற்றல் எட்டரை சதவீதத்துக்கு மேல் கூடும். இதைத் தரையில் நிறுத்தும் விசை குறைவதோடு சேர்த்துப் பெருக்கினால், முள்ளில் அதே வேகம், காலில் அதே அழுத்தம் என்று வைத்துக்கொண்டால் நிற்கும் தூரம் 13 சதவீதம் நீளும். 80ல் 35 மீட்டரில் நின்ற வண்டி இப்போது 40 மீட்டரில் நிற்கும். ஐந்து மீட்டர் என்பது ஒரு பொலிரோவின் நீளத்துக்கும் கொஞ்சம் கூட. டிரெய்லருக்கும் எனக்கும் நடுவில் அன்றைக்குக் காணாமல் போன தூரம் எங்கே போனது என்று இப்போது புரிகிறதா?

சிலர் இதோடு நிற்பதில்லை, 31 அங்குல டயர் போட்டுவிட்டு வருகிறார்கள். அது 787 மி.மீ. உயரம், பழைய பொலிரோ டயரைவிடக் கிட்டத்தட்ட 12 சதவீதம் அதிகம். அதே கணக்குப்படி நிற்கும் தூரம் 40 சதவீதம் நீளும். 35 மீட்டர் 49 மீட்டராகிவிடும். இந்த அளவுக்குப் போக வேண்டுமானால் பிரேக், கியர் விகிதம், சஸ்பென்ஷன் எல்லாவற்றையும் சேர்த்து மாற்ற வேண்டும். தினமும் மூலக்கடை சிக்னலில் நிற்கிற வண்டிக்கு இது தேவையில்லாத வேலை என்பது என் கருத்து.

மூன்று, எடை. இதைத்தான் எல்லோரும் பெரிதாகப் பேசுவார்கள், எனக்கென்னவோ மூன்றிலும் இதுதான் சின்னது. சுற்றுகிற எடைக்கு இரட்டை வேலை, அது வண்டியோடு முன்னால் போகிறது, தானாகச் சுற்றவும் செய்கிறது. அதனால் டயரின் வெளி விளிம்பில் கூடுகிற ஒரு கிலோ, நிறுத்தும்போது ஏறத்தாழ இரண்டு கிலோ மாதிரி நடந்துகொள்ளும். ஒவ்வொரு டயரும் 3 கிலோ கூடினால் நாலுக்கும் சேர்த்து 12, அது 24 மாதிரி. ஒன்றரை டன்னுக்கு மேல் இருக்கும் வண்டியில் இது ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையை ஏற்றிக்கொண்ட மாதிரிதான். ஆனால் மொத்தையான டயரோடு இரும்பு ரிம், பின்னால் கனமான ஸ்டெப்னி, கேரியர், முன்னால் கம்பி பம்பர் என்று போய்க்கொண்டே இருந்தால் கணக்கு வேறு. சந்தேகமாக இருந்தால் பழைய டயரையும் புது டயரையும் பழைய இரும்புக் கடைத் தராசில் போட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள், பரவாயில்லை.

அகலம் கூடினால் பிடி கூடும், சீக்கிரம் நிற்கும் என்று டயர் கடையில் சொல்வார்கள். காய்ந்த ரோட்டில், சக்கரம் சுற்றாமல் லாக் ஆகும் அளவுக்கு முழுசாக அழுத்தும்போது, நல்ல ரப்பர் கலவையுள்ள டயர் உண்மையிலேயே உதவும். ஆனால் அது அகலத்தால் வருவதைவிட ரப்பரால் வருவது. தடித்த கட்டைகள் வைத்த ஆஃப்ரோடு டயர் ஈரமான தார் ரோட்டில் சாதாரண ரோடு டயரைவிட மோசமாகத்தான் பிடிக்கும். தேங்கிய தண்ணீரில் அகலமான டயர் சீக்கிரம் மிதக்கவும் ஆரம்பிக்கும். நமக்கு ஐப்பசி கார்த்திகையில் ரோடு எந்த லட்சணத்தில் இருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

தேய்மானம் எங்கே தெரியும்

பிரேக் செய்வதெல்லாம் வேகத்தைச் சூடாக மாற்றுவதுதான். 1,700 கிலோ வண்டியை 80லிருந்து ஒருமுறை நிறுத்தும்போது பிறக்கும் சூடு 420 கிலோஜூல். குழாய்த் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவருவதாக வைத்துக்கொண்டால் இது 1.4 லிட்டருக்குப் போதும், டீக்கடைக் கணக்கில் 14 கிளாஸ். முள்ளில் அதே 80, நிஜத்தில் 83.4 என்றால் பதினைந்தேகால் கிளாஸ். ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் ஒன்றேகால் டீ அளவு சூடு கூடுதலாகப் பேடும் டிஸ்க்கும் வாங்கிக்கொள்கின்றன. ஒரு தடவை என்றால் ஒன்றுமில்லை. மாதவரத்திலிருந்து மூலக்கடை வழியாக வியாசர்பாடி போய்ச் சேருவதற்குள் எத்தனை முறை மிதிக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள்.

வேகத்தை ஜிபிஎஸ் பார்த்து முன்பு போலவே வைத்துக்கொண்டால் இந்தக் கூடுதல் சூடு பெரும்பாலும் வராது. அதாவது பேட் தேய்வதற்குக் காரணம் டயர் மட்டுமல்ல, உங்கள் மீட்டரும்தான். அதனால்தான் சிலருக்குப் பெரிய டயர் போட்டும் பேட் முன்பு போலவே நீடிக்கிறது, சிலருக்குச் சீக்கிரம் காலியாகிறது. ஓடோமீட்டரும் குறைத்துக் காட்டும், 10,000 என்று காட்டும்போது 10,426 ஓடியிருக்கும். பேட் சீக்கிரம் தேய்ந்துவிட்டது என்று புலம்பும் முன் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது கையில் டார்ச்சை எடுங்கள். முன்சக்கரத்தைக் கழற்றினால், பேடை டிஸ்க்கோடு அழுத்திப் பிடிக்கும் கேலிப்பருக்குள் பேட் தெரியும். இரும்புத் தகட்டை விட்டுவிட்டு அதில் ஒட்டியிருக்கும் கலவையை மட்டும் அளக்க வேண்டும், 3 மி.மீ.க்குக் கீழே வந்துவிட்டால் மாற்றிவிடுங்கள். வெளிப் பேடை மட்டும் பார்த்துவிட்டு ஓகே என்று சொல்லும் கடைக்காரரை நம்பாதீர்கள். உள்பேடு பாதி காலியாகி வெளிப்பேடு புதுசாக இருப்பது நம் பக்கத்தில் சகஜம், காரணம், கேலிப்பர் முன்னும் பின்னும் நகர உதவும் ‘பின்’ என்ற சின்னக் கம்பி இறுகிப் போவது. ராயபுரம், காசிமேடு, எர்ணாவூர் மாதிரி கடலோரத்தில் வண்டி நிறுத்துகிறவர்களுக்கு உப்புக் காற்று இதை இன்னும் சீக்கிரம் செய்யும். அந்தப் பின்னைக் கழற்றித் துடைத்து, பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கான் கிரீஸ் போட வேண்டும். வீல் பேரிங்குக்குப் போடும் சாதா கிரீஸைத் தடவினால் ரப்பர் பூட் உப்பிவிடும்.

டிஸ்க்கின் குறைந்தபட்ச தடிமன் பெரும்பாலும் டிஸ்க்கிலேயே அச்சடித்திருக்கும், அதைப் படித்துவிட்டுத்தான் லேத்தில் கொடுக்க வேண்டுமா மாற்ற வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள். காலையில் டிஸ்க்கில் தெரியும் செம்பழுப்பு நிறத் துருவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், நாலு முறை பிரேக் பிடித்தால் போய்விடும். பள்ளம் பள்ளமாக, விரல் நகம் மாட்டுகிற மாதிரி கோடு இருந்தால்தான் பிரச்சினை.

பின்சக்கரத்தில் இருப்பது டிரம் பிரேக். டயர் பெரிதானதும் நிறையப் பேர் மறப்பது இதைத்தான், ஏனென்றால் கண்ணில் படாது. டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் லைனர் தேய்ந்து டிரம்முக்கும் அதற்கும் இடைவெளி கூடியிருந்தால் பெடல் ஆழமாக இறங்கும், ஹேண்ட் பிரேக் முன்பைவிட அதிகக் ‘கிளிக்’ மேலே வரும். இழுக்கும்போது கிளிக்கை எண்ணிப் பழகுங்கள், எண்ணிக்கை கூடினால் டிரம்மைத் திறக்க வேண்டிய நேரம். திறந்ததும் அந்தத் தூசியை வாயால் ஊதாதீர்கள். பழைய லைனர்களில் கல்நார் இருக்கலாம், ஈரத்துணியால் துடையுங்கள்.

பேட் வாங்கும்போது அதன் ஓரத்தில் இரண்டு ஆங்கில எழுத்து சேர்ந்து அச்சாகியிருக்கும், அதைக் கவனியுங்கள். முதல் எழுத்து சூடில்லாதபோது பிடிக்கும் அளவு, இரண்டாவது சூடேறிய பிறகு. ‘ஈ’ என்றால் உராய்வுக் குணகம் 0.25லிருந்து 0.35, ‘எஃப்’ என்றால் 0.35லிருந்து 0.45, ‘ஜி’ என்றால் 0.45லிருந்து 0.55. கம்பெனி பேட் ‘ஈ’யில் இருந்து நீங்கள் ‘எஃப் எஃப்’ போட்டால் டயரால் இழந்த பிடி திரும்ப வந்துவிடும், அதற்கு மேலும் வரும். இதைச் செய்தாலே 5 சதவீதம் வரைக்கும் உயரம் ஏற்றியவர்களுக்குப் போதும். பெரிய டிஸ்க், பெரிய கேலிப்பர் என்று தேடி அலைய வேண்டாம். இடது வலது இரண்டும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள், ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

புதுப் பேடைப் பழக்கவும் வேண்டும். ஆளில்லாத ரோட்டில் 60லிருந்து 10 வரை மிதமாக அழுத்திக் குறையுங்கள், முழுசாக நிறுத்தாதீர்கள், பத்து முறை செய்யுங்கள், நடுவில் கொஞ்சம் ஓடவிட்டுக் காற்றுப்பட விடுங்கள். கடைசியில் பிரேக் சூடாக இருக்கும்போது அழுத்திப் பிடித்தபடி நிறுத்திவைத்தால் பேட் இருந்த இடத்தின் அச்சு டிஸ்க்கில் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் ஒவ்வொரு பிரேக்குக்கும் பெடல் நடுங்கும்.

காலுக்குக் கீழே என்ன நடக்கிறது

பிரேக் பத்தவில்லை என்று மெக்கானிக்கிடம் மொட்டையாகச் சொல்லாதீர்கள், பெடல் எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள். பஞ்சு மாதிரி அமுங்குகிறது என்றால் லைனில் காற்று இருக்கிறது அல்லது பிரேக் ஆயில் பழசாகி, சூட்டில் கொதிக்கிறது. கல்லு மாதிரி கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் பேட் பளபளப்பாகிவிட்டது அல்லது காலின் அழுத்தத்தைப் பெருக்கித் தரும் பூஸ்டர் வேலை செய்யவில்லை. பூஸ்டரைச் சோதிக்க இன்ஜினை அணைத்துவிட்டு நாலைந்து முறை பெடலை மிதியுங்கள், பிறகு காலை அதன் மேலேயே அழுத்தி வைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாகக் கீழே இறங்கினால் பூஸ்டர் உயிரோடு இருக்கிறது. பெடல் நன்றாக இருக்கிறது, எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனாலும் முன்பைவிடக் கொஞ்சம் கூட மிதிக்க வேண்டியிருக்கிறது என்றால், அதுதான் டயரின் வேலை. அதற்கு அதே ரகப் பார்ட்டை ஆயிரம் முறை மாற்றினாலும் கணக்கு மாறாது.

பிரேக் ஆயில் என்று நாம் கூப்பிட்டாலும் அது ஆயில் இல்லை, காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சுகிற திரவம். டாட் 3 என்ற தரத்துத் திரவம் புதுசாக இருக்கும்போது கொதிக்காமல் குறைந்தது 205 டிகிரி தாங்கும், ஈரம் குடித்த பிறகு அது 140 வரை இறங்கிவிடும். டாட் 4க்கு அதே எண்கள் 230, 155. நம் ஊர்க் காற்றில் ஈரம் எப்போதும் நிறைந்தே இருப்பதால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள், பெரிய டயர் போட்ட அன்றே மாற்றிவிடுவது இன்னும் நல்லது. பட்டறையில் போன மாதம் திறந்து மூலையில் வைத்த டப்பாவிலிருந்து ஊற்ற விடாதீர்கள். உங்கள் வண்டிப் புத்தகத்தில் எந்த டாட் என்று போட்டிருக்கிறதோ அதைக் கேளுங்கள். டாட் 5 என்பது சிலிக்கான், மற்றதோடு சேராது.

சில வண்டிகளில் பின் ஆக்ஸிலுக்கு மேலே லோடுக்குத் தகுந்தபடி பின் பிரேக் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு வால்வு இருக்கும், ஒரு சின்னக் கம்பி அதை ஆக்ஸிலோடு இணைத்திருக்கும். பெரிய டயர் உரசாமல் இருக்கப் பின்பக்கத்தை உயர்த்தி லிஃப்ட் செய்பவர்கள் இதை மறந்துவிடுவார்கள். வண்டியின் உடம்பு மேலே போனதும் ‘பின்னால் லோடே இல்லை’ என்று வால்வு முடிவு கட்டிக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். அப்போது முன்பேட் மட்டும் தனியாக உழைத்துத் தேயும். லிஃப்ட் செய்தால் அந்தக் கம்பியையும் சரிசெய்யச் சொல்லுங்கள். அதோடு ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை திருப்பிப் பிரேக் ஹோஸ் டயரில் உரசுகிறதா, இழுபடுகிறதா என்று குனிந்து பாருங்கள். ரப்பர் ஹோஸில் பளபளவென்று ஒரு தடம் தெரிந்தால் ஏற்கெனவே உரசிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

நீங்களே அளந்து பாருங்கள்

டயர் மாற்றுவதற்கு முன்னாலேயே இதைச் செய்தால் அருமை, மாற்றிய பிறகு செய்தாலும் மோசமில்லை. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், ஆளும் வண்டியும் வராத, நேரான, காய்ந்த, அகலமான இடம் வேண்டும். எக்ஸ்பிரஸ் ரோட்டில் போய் இதைச் செய்துவிடாதீர்கள். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து போனில் ஜிபிஎஸ் வேகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். ரோட்டோரத்தில் ஒரு செங்கல்லை வைத்து, சரியாக 40ல் செங்கல்லைத் தாண்டும்போது மிதியுங்கள். முதல் மூன்று முறை சாதாரணமாக, சிக்னலில் நிறுத்துகிற மாதிரி. நின்ற இடம் வரை டேப் பிடித்து அளந்து மூன்றின் சராசரியை எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த மூன்று முறை முழு பலத்தோடு.

இரண்டு அளவும் இரண்டு வேறு விஷயம் சொல்லும். முழு பலத்தோடு மிதித்தபோது சக்கரம் லாக் ஆனது அல்லது லாக் ஆகாமல் தடுக்கும் ஏபிஎஸ் காலுக்குக் கீழே துடித்தது என்றால் உங்கள் பிரேக்குக்குப் போதுமான பலம் இருக்கிறது, நிற்கும் தூரத்தைத் தீர்மானிப்பது டயரின் பிடிதான். எவ்வளவு அழுத்தினாலும் லாக் ஆகவே இல்லை, தூரம் மட்டும் நீள்கிறது என்றால் அப்போதுதான் பிரேக் பத்தவில்லை, பேடையும் பூஸ்டரையும் பார்க்க வேண்டும். சாதாரண மிதியில் மட்டும் தூரம் கூடி, முழு மிதியில் கூடவில்லை என்றால் உங்கள் கால் இன்னும் பழகவில்லை, ஒரு வாரம், முன் வண்டிக்குப் பின்னால் கூடுதல் இடைவெளி விட்டு ஓட்டுங்கள். என் வண்டியில் வந்தது இந்த மூன்றாவதுதான். பேடுக்குச் செலவழித்த பணத்தை நினைத்தால் இன்னும் எரிகிறது.

இந்தியாவில் 2019 ஏப்ரலிலிருந்து விற்கும் எல்லாப் புதுக் கார்களிலும் ஏபிஎஸ் கட்டாயம், அதற்கு முந்தைய வண்டியில் இல்லாமல் இருக்கலாம். உள்ள வண்டியில் நாலு சக்கரமும் ஒரே உயரத்தில் இருந்தால் ஏபிஎஸ்ஸுக்குப் பிரச்சினை இல்லை. முன்னால் ஒரு சைஸ், பின்னால் ஒரு சைஸ் என்று போட்டால்தான் குழப்பம், ஏனென்றால் எந்தச் சக்கரம் மெதுவாகச் சுற்றுகிறது என்று ஒப்பிட்டுத்தான் அது முடிவெடுக்கிறது.

தண்ணீர், இறக்கம், லோடு

மழைக்காலத்தில் கணேசபுரம் சப்வேயிலோ ஜீவா சப்வேயிலோ தண்ணீரைத் தாண்டி வந்தால், வெளியே வந்ததும் வேகமெடுக்கும் முன் கிளட்சிலிருந்து இடது காலை எடுங்கள், வலது காலால் லேசாகப் பிரேக்கைத் தொட்டபடி கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். டிஸ்க் சீக்கிரம் காயும், டிரம்முக்குள் போன தண்ணீர் சீக்கிரம் போகாது. டயர் பெரிதாகி வண்டி உயர்ந்துவிட்டது என்ற தைரியத்தில் முன்பு போகாத தண்ணீரில் எல்லாம் இறங்குவோம், டிரம்மும் வீல் பேரிங்கும் வெறும் 15 மி.மீ.தான் உயர்ந்திருக்கின்றன என்பதை மறந்துவிடுவோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் தண்ணீரில் நின்ற வண்டிகளைப் பார்த்தவர்கள் இதற்கு மேல் விளக்கம் கேட்க மாட்டார்கள்.

திருமலை இறக்கம் மாதிரி மலைப்பாதையில் 1,700 கிலோ வண்டி 100 மீட்டர் உயரம் இறங்கினால், அது 80லிருந்து நாலு முறை நிறுத்தியதற்குச் சமமான சூடு. அதில் பெரும்பகுதியை இன்ஜின் தாங்க வேண்டும், பிரேக் அல்ல. பெரிய டயர் போட்டதும் கியர் எல்லாம் கொஞ்சம் ‘நீளமாகி’, இன்ஜின் பிடித்து இழுப்பதும் குறையும், அதனால் முன்பு மூன்றாவது கியரில் இறங்கிய இடத்தில் இரண்டாவது கியர் போடுங்கள். கருகிய வாடை வந்தால் ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள்.

காசிமேட்டில் ஐஸும் மீனும் ஏற்றும் சின்ன லோடு வண்டிகளுக்கு, கூட வெயிட் தாங்கும் என்று ஒரு சைஸ் பெரிய டயர் போடும் பழக்கம் இருக்கிறது. டயர் தாங்கும், பிரேக் தாங்காது. அவ்வளவுதான் சொல்ல முடியும். பைக்கில் பின்டயரை 100/90-17லிருந்து 120/80-17க்கு ஏற்றுகிறவர்களுக்கு உயரம் 2 சதவீதம்தான் கூடும், நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்பிரேக்குக்கு என்பதால் தூரம் பெரிதாக மாறாது. ரிம் அகலம் பத்தாமல் டயர் கூம்பிக்கொள்வதும் செயின் கவர் உரசுவதும்தான் அங்கே தலைவலி.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் ஒரு வழக்கில், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை வைத்து, தயாரிப்பாளர் கொடுத்த அளவுகளுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று சொல்லியிருக்கிறது. உங்கள் மாடலின் உயர் வேரியன்ட்டில் கம்பெனியே கொடுக்கும் சைஸ் இருந்தால் அதோடு நிறுத்திக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். டிரைவர் கதவு பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். டயரில் எழுதியிருக்கும் லோடு எண்ணும் வேக எழுத்தும் பழைய டயரைவிடக் குறைவாக இருக்கக்கூடாது. காற்றழுத்தத்தையும் டயர் கடைப் பையனின் இஷ்டத்துக்கு விடாதீர்கள்.

டயர் மாட்டும்போது காற்றுத் துப்பாக்கியால் நட்டுகளைச் சர்ரென்று இறுக்கிவிட்டு அனுப்புவார்கள். ஒரு நட் ரொம்ப இறுகி, இன்னொன்று லூஸாக இருந்தால் டிஸ்க் கோணிக்கொண்டு பெடல் நடுங்கும், பழி பேட் மேல் விழும். எதிரெதிராக, கையால், இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரென்ச் வைத்து இறுக்கச் சொல்லுங்கள். 50 கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒருமுறை திரும்ப இறுக்குங்கள். ஸ்டெப்னியையும் அதே சைஸில் மாற்றிவிடுங்கள், என் வண்டியில் இன்னும் பழைய 215தான் தொங்குகிறது, எண்ணூர்ப் பக்கம் பஞ்சரானால் முன்சக்கரத்தில் அதை மாட்டிக்கொண்டு 40க்கு மேல் போகாமல் வீடு வந்து சேர வேண்டும்.